சரியாக உட்காராத ஸ்க்ரூ

அக்டோபர் 8, செவ்வாய்

சபாபதி இன்று டேப்போடு வந்து என் அறையை அளந்தார். நான் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே. "கொஞ்சம் காலைத் தூக்குங்க மேடம்" என்று மேஜைக்கடியில் டேப்பை விட்டார். எதற்கு என்று கேட்டேன். "சும்மா, ஒரு ஐடியாவுக்கு" என்றார். அவர் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர். அவருக்கு வரும் ஐடியாக்கள் எல்லாம் அட்டைப்பெட்டி அடுக்குவதில்தான் போய் முடியும்.

மத்தியானம் முதலாளி கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். சென்னியப்பன் அண்ணன் நல்ல மனிதர். கெட்ட செய்தி என்றால் முதலில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். இன்று டீயோடு பன்னும் வந்தது.

"அம்மிணி, நீங்க பண்ணுன பால் டெஸ்ட் மெஷினை, பால் கம்பெனிக்காரங்க ஒரு சென்டர்ல வெச்சுப் பாக்கறேங்கறாங்க. புடிச்சுதுன்னா நாப்பது மெஷினுங்க. புடிக்கலைன்னா, சபாபதி சொல்றாப்புல உள்ள இருக்கற சர்க்யூட்டை ரெடிமேடாவே வாங்கிப் போட்டுக்கலாமுங்க. அப்பறம் டிசைன் ரூமு எதுக்குங்க? நீங்க பர்ச்சேஸ் பாத்துக்கங்க."

பர்ச்சேஸ்! இத்தனை வருஷம் சர்க்யூட் போட்டவள் இனி நட்டுக்கும் போல்ட்டுக்கும் கொட்டேஷன் வாங்க வேண்டுமாம். சிரித்துக்கொண்டே பன்னைத் தின்றேன். உள்ளுக்குள் அழுகை முட்டியது. அந்த அறையும் அந்த மேஜையும் போனால் அப்புறம் இந்தக் கம்பெனியில் எனக்கு என்ன இருக்கிறது?

அக்டோபர் 9, புதன்

நேற்று எழுதிய பக்கத்தின் நடுவில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி இருந்தது. ஆக, அப்பா என் டைரியைப் படிக்கிறார். கேட்டால், "அடுத்தவங்க டைரியைப் படிக்கறது அநாகரிகம்" என்று எனக்கே பாடம் எடுப்பார். மில்லில் யூனியன் தலைவராக இருந்தவர், ஊர்வலத்தில் முன்னால் நடந்த நாத்திகர், பெண்ணுக்கு அறிவுக்கொடி என்று பெயர் வைத்துவிட்டு அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி நடக்கிறாளா என்று இன்றுவரை கண்காணித்துக்கொண்டிருப்பவர். சரி, படிப்பது படிக்கிறார், புரிந்து படிக்கட்டும்.

அப்பா, மெஷின் இதுதான். சொம்பில் இருக்கும் பாலைக் கொஞ்சம் மோட்டார் உறிஞ்சி எடுக்கும். ஃபேட் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று திரையில் காட்டும். கரண்ட் இல்லாத நேரத்திலும் ஓட வேண்டும் என்பதால் பேட்டரி. பேட்டரி தருவது நாலு வோல்ட்டுக்கும் குறைவு, மோட்டார் கேட்பது பன்னிரண்டு. குறைந்ததைக் கூட்டித் தர பூஸ்ட் கன்வெர்ட்டர் என்று ஒரு சின்னச் சிப் இருக்கிறது. கெட்டிக்காரச் சிப், ஆனால் அவசரக்குடுக்கை. ஸ்விட்ச் போட்டதும் ஒரே தாவாகப் பன்னிரண்டுக்குப் போகப் பார்க்கும். அந்தத் தாவலுக்குக் கரண்ட் கொடுத்தே பேட்டரி துவண்டுபோகும், சிப்பும் அணைந்துபோகும், பிறகு எழுந்து மறுபடியும் தாவும்.

அதை அடக்கத்தான் சிப்பில் சாஃப்ட் ஸ்டார்ட் என்று ஒரு கால் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலில் மிளகு அளவில் ஒரு கெபாசிட்டரை மாட்டிவிட வேண்டும். சிப் அதற்குள் துளித்துளியாகக் கரண்ட் விடும். கெபாசிட்டர் எவ்வளவு நிறைகிறதோ அவ்வளவுதான் வோல்ட்டேஜும் ஏறலாம். நீங்கள் ஈஸி சேரிலிருந்து எழுந்திருப்பது மாதிரி: முதலில் கைப்பிடி, பிறகு பாதி இடுப்பு, ஒரு "அப்பாடா", பிறகுதான் முழு ஆள். அந்தத் துளி எவ்வளவு சின்னது தெரியுமா? ஒரு ஆம்பியரை இரண்டு லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. அதனால் அந்தக் காலை யாரும் தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்த் தூங்குங்கள்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. அறைக் கதவில் எழுதி ஒட்டினேன்: "இங்கே சந்தனம், குங்குமம், விபூதி, எலுமிச்சம்பழம் அனுமதி இல்லை. கருவிகளுக்குப் பொட்டு வைக்கக் கூடாது."

போன வருஷம் சபாபதி, கரண்ட்டின் அலையைக் காட்டும் ஆஸிலோஸ்கோப் திரைக்கு நட்டநடுவில் சந்தனத்தை அப்பிவிட்டார். ஒரு வாரம் எந்த அலையைப் பார்த்தாலும் நெற்றியில் பொட்டோடுதான் வந்தது. டிசைன் அறையில் என்னோடு வேலை செய்யும் ஒரே ஆளான ஃபிரோஸ் நோட்டீஸைப் படித்துவிட்டு, "பொரி பத்தி ஒண்ணும் போடலையேக்கா?" என்றான். பொரியில் என்ன மூடநம்பிக்கை இருக்கிறது?

அக்டோபர் 11, வெள்ளி

பூஜை. டிரில்லிங் மெஷின், முதலாளியின் ஸ்கூட்டர், காபி மெஷின், வாட்ச்மேனின் டார்ச் லைட் எல்லாமே பொட்டு வாங்கிக்கொண்டன. முதலாளி தட்டோடு என் வாசல்வரை வந்து, நோட்டீஸை வாய்விட்டுப் படித்தார்.

"ஒண்ணே ஒண்ணு, ஓரமா வெச்சுக்கறனுங்களே?"

"வேண்டாங்கண்ணா."

மெஷின் ஓடுவது சர்க்யூட்டால்தான், சாமியால் அல்ல என்று அவருக்கு நிதானமாக விளக்கினேன். அவரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கடைசிவரை தலையாட்டிக் கேட்டார். கை வலித்திருக்கும் போல, தட்டை என் மேஜை ஓரத்தில் வைத்தவர் அதை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

எல்லாரும் பூசணிக்காய் உடைக்கக் கீழே இறங்கினார்கள். நான் அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. சென்டருக்குப் போகப்போகும் ஒன்றாம் நம்பர் மெஷினின் அடி மூடியில் ஒரு ஸ்க்ரூ சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்தேன். வேறொன்றும் இல்லை.

வீட்டில் அப்பா என் விரலைப் பார்த்தார். "என்ன செவப்பா?"

"தக்காளி சாஸ்."

"பொரிக்கா சாஸ்?"

இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் சாஸ் தொட்டுக்கொள்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனேன்.

அக்டோபர் 14, திங்கள்

அன்னூர் பக்கம் கரட்டுப்பாளையம். பால் சென்டரைப் பார்த்துக்கொள்பவர் பெயர் ருக்குமணி. வாய் திறந்தால் மூடாது, ஆனால் ஒரு சொட்டுப் பால் கீழே சிந்தாது. மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, இது பொய் சொல்லாதுங்களா?"

"சொல்லாதுங்க."

"அப்ப எங்கூர்ல பாதிப் பேருக்கு இதைப் புடிக்காதுங்."

சாயங்காலப் பால் முழுவதையும் மெஷின் அழகாகப் பார்த்து முடித்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்தேன். பக்கத்து ஸீட் அம்மா தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடிவதற்குள் போன்.

"அம்மிணி, உங்க மெஷினு மொனகுதுங்."

"என்னது?"

"மொனகுதுங். ம்ம்ம்ம்னு. பாலை உறிய மாட்டேங்குது. காட்டட்டுங்களா?" போனை மெஷின் பக்கத்தில் வைத்தார். உண்மையிலேயே முனகியது.

அடித்துப் பிடித்துக்கொண்டு போனேன். போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. ஸ்விட்ச் போட்டால் ஜம்மென்று ஓடுகிறது. திரும்பத் திரும்பப் போட்டேன், ஓடிக்கொண்டே இருந்தது. ருக்குமணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "டாக்டரைப் பாத்ததும் காச்சல் விட்டுருச்சாட்ட இருக்குதுங்" என்றார்.

அக்டோபர் 16, புதன்

காலையில் முனகல். சாயங்காலம் ஓட்டம்.

அக்டோபர் 17, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! காலையில் குளிர், குளிரில் பேட்டரி மந்தம். மந்தமான பேட்டரியால் சிப்பின் தாவலைத் தாங்க முடியவில்லை. சாஃப்ட் ஸ்டார்ட்டை இன்னும் மெதுவாக்கினால் தீர்ந்தது. சாலிடரிங் அயர்னோடு சென்டருக்கே போய், மேல் மூடியைத் திறந்து, போர்டைக் கழற்றாமல் மேலிருந்தே பழைய கெபாசிட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய கெபாசிட்டரைச் சேர்த்துவிட்டேன். பற்றவைப்பு சரியில்லாமல், சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் வைத்து இன்னொரு தரம் சூடுகாட்டினேன். இப்போது ஸ்விட்ச் போட்டால் ஆற அமர எழுந்திருக்கிறது. முதலாளியிடம் சொன்னேன். சபாபதியிடமும் சொன்னேன், அவர் கேட்காமலே.

அக்டோபர் 18, வெள்ளி

காலைப் பால் முழுவதும் ஓடியது! முனகல் இல்லை. சபாபதியின் மேஜையைத் தாண்டும்போது "உங்க டேப்பைப் பத்திரமா வெச்சுக்கங்க சார், துரு புடிச்சிரப் போகுது" என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொன்னபோது நன்றாக இருந்தது.

அக்டோபர் 21, திங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை. இன்று காலை போன். நான் எடுத்தேன். ருக்குமணி ஒன்றும் பேசவில்லை, நேராக மெஷினைப் பேசவிட்டார். "ம்ம்ம்ம்."

சிப்பே போலி என்று முடிவு செய்து, விற்ற கடைக்காரருக்கு போன் போட்டுச் சண்டை பிடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதே சிப் போட்ட இரண்டாம் நம்பர் மெஷின் எப்படி என்று கேட்டார். அது என் மேஜையில் எந்த நேரமும் ஓடுகிறது. நான் போனை வைத்துவிட்டேன்.

சபாபதி இன்று ஆள்விட்டு என் அறை வாசலில் அட்டைப்பெட்டிகளை இறக்கினார். "உள்ள வெக்கலைங்க மேடம், வெளியதான வெச்சிருக்கேன்" என்றார். அப்புறம் டீ வந்தது, பன்னோடு. வெள்ளிக்கிழமை காலைப் பாலுக்குப் பால் கம்பெனி அதிகாரி நேரில் வருகிறாராம். அன்றைக்கு ஓடவில்லை என்றால் முடிந்தது கதை. இந்த முறை என்னால் பன்னை விழுங்க முடியவில்லை.

"காலைல மக்கர் பண்றதை மத்தியானம் போய்ப் பாத்தா எப்படிக்கா தெரியும்?" என்றான் ஃபிரோஸ். "விடியக்காலைலயே போயிரலாம்." நான் ஏற்கெனவே அப்படித்தான் நினைத்திருந்தேன். சொல்வதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

அக்டோபர் 23, புதன்

ஃபிரோஸின் பைக்கில் கிளம்பிப் பால் வரும் நேரத்துக்குக் கரட்டுப்பாளையம் போய்விட்டோம். மழை விட்டும் மரம் சொட்டிக்கொண்டிருந்தது. கேனும் சொம்புமாக வரிசை நின்றது. ஸ்விட்ச் போட்டேன்.

"ம்ம்ம்ம்."

வரிசையில் நின்ற தலைப்பாகைக்காரர் ஒருவர், "எம்பட எருமை கன்னு போடறப்பக் கூட இத்தன மொனகலீங்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

மேல் மூடியைத் திறந்து மீட்டர் வைத்தேன். பன்னிரண்டு வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஏழு. சாஃப்ட் ஸ்டார்ட் காலில் பாதி வோல்ட்டேஜ் வந்து அப்படியே நின்றுவிட்டது. அப்படியென்றால் கெபாசிட்டர் நிறையவே இல்லை. சிப் விடும் துளி எங்கேயோ ஒழுகிப் போய்க்கொண்டிருக்கிறது. பாவம் சிப், இன்னும் எழுந்திருக்கும் நேரம்தான் என்று நம்பிக்கொண்டு பாதியிலேயே நிற்கிறது.

ஃபிரோஸ் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து டீக்கடை பாய்லருக்கு அருகில் வைத்தான். மீட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றோம். ஏழு, ஏழரை, எட்டேகால். டீ வந்து குடித்து முடிப்பதற்குள் பத்து. கடைசியில் பன்னிரண்டைத் தொட்டதும் மோட்டார் திடுமென்று ஓடி, பால் இல்லாத குழாயில் காற்றை உறிஞ்சி, "ப்புர்ர்" என்றது. வரிசையே கை தட்டியது.

"ஈரம்க்கா" என்றான் ஃபிரோஸ். "ஈரத்தை இழுக்கற மாதிரி எதோ போர்டுல ஒட்டிட்டிருக்கு. ராத்திரி ஈரத்தைக் குடிச்சுக்குது, வெயில் வந்தா காஞ்சிருது. மேல் பக்கம் சுத்தமா இருக்கு. அடி மூடியைக் கழட்டிப் பாத்துரலாமா?"

எனக்குத் திடீரென்று தலைவலி வந்தது. ஆபீசுக்குப் போய் நானே தனியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"தனியா எதுக்குக்கா?"

"இங்க வெளிச்சம் பத்தாது."

அப்போதுதான் சூரியன் நேராக எங்கள் முகத்தில் அடித்தது. அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். வழி முழுக்க மெஷினை மடியில் இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். பைக்கில் அதுதான் பாதுகாப்பு.

அதே நாள், சாயங்காலம்

ஃபிரோஸ் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் அறையைப் பூட்டிக்கொண்டு வேலையை முடித்துவிடலாம் என்று மாடிப்படியை ஓடிக் கடந்தேன். அறைக்குள் முதலாளி உட்கார்ந்திருந்தார். சபாபதியும் இருந்தார். பேக்கிங் பெண்கள் வாசலில் நின்றார்கள்.

"எல்லாரு முன்னாலயுமே தொறங்க அம்மிணி. என்ன ஏதுன்னு பாத்துப்போடலாம்."

நான்கு ஸ்க்ரூ. அவ்வளவு மெதுவாக நான் எதையும் கழற்றியதே இல்லை. சபாபதி உதவிக்கு வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். கடைசி ஸ்க்ரூ கழன்றது, மூடியை எடுத்தேன்.

போர்டின் அடிப்பக்கத்தில், சரியாகச் சிப்புக்கு நேர் கீழே, வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு. சுற்றிலும் மெல்லிய சந்தனக் கரை. ஈரம் குடித்து நசநசத்து, பக்கத்துச் செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. சாஃப்ட் ஸ்டார்ட் காலின் பற்றவைப்பு அந்தச் சிவப்புக்குள்ளேதான் முங்கிக் கிடந்தது. குங்குமத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் இருக்கின்றன, ஈரம் பட்டால் கரண்டுக்கு அது பாதை. இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு ஒழுகிப்போக அந்தப் பாதை தாராளம். வியாழக்கிழமை நான் செய்த வைத்தியத்தில் பலித்தது கெபாசிட்டர் அல்ல, ஹாட் ஏர். பொட்டு காய்ந்ததால் மறுநாள் ஓடியிருக்கிறது.

"அட, பொட்டு!" என்றார் சபாபதி.

எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "சபாபதி சார்! நோட்டீஸ் ஒட்டியிருந்தும் இப்படிப் பண்ணலாமா?"

"ஐயய்யோ மேடம், எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் இல்ல. நான் வெச்சா இப்படியா இருக்கும்? அப்பிருப்பேன். இது என்னங்க, காம்பஸ் வெச்சு வரைஞ்ச மாதிரி வெச்சிருக்காங்க!"

முதலாளி கையை விரித்தார். "எனக்கும் தெரியாதுங்க. அப்பப் பின்ன யாருங்க?"

 நான் ஸ்க்ரூக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஃபிரோஸ் வாசலில் நின்று பொட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி பொட்டைப் பார்த்தான்.

"நான்தாங்க சார்" என்றான்.

"நீயா? ஃபிரோஸு, நீயாப்பா வெச்சே?"

"எல்லா மெஷினுக்கும் வெச்சாங்க சார். டார்ச் லைட்டுக்குக் கூட. இது ஒண்ணு மட்டும் மூளியா நின்னுச்சு. மனசு கேக்கலை."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. அவனைக் கட்டிக்கொண்டார். பேக்கிங் பெண்களில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பாத்துக்கங்க அம்மிணி, இதுக்குப் பேரு மனசுங்க" என்று முதலாளி என்னிடம் வேறு சொன்னார். திட்ட வேண்டிய கூட்டம் பாராட்டு விழாவாக மாறிவிட்டது.

நான் கடமை தவறவில்லை. எல்லார் முன்னாலும் ஃபிரோஸைக் கண்டித்தேன். "இனிமே இப்படிச் செய்யாதே."

"செய்ய மாட்டேன்க்கா" என்றான் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். "நீங்களும் பாத்துக்கங்க."

நாளை அவனுக்குப் பிரியாணி வாங்கித் தருவதாக இருக்கிறேன். காரணம் எதுவும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறவன்.

அக்டோபர் 24, வியாழன்

போர்டை ஸ்பிரிட் விட்டு பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். காய வைத்து, அடிப்பக்கம் முழுக்க வார்னிஷ் பூசினோம். டீ கெட்டிலைக் கொதிக்க வைத்து அந்த ஆவியில் மெஷினைக் காட்டினேன். ஓடியது. பெரிய கெபாசிட்டரை எடுத்துவிடலாமா என்று ஃபிரோஸ் கேட்டான். ஓடுகிறதைக் கிளற வேண்டாம், நிதானமாகவே எழுந்திருக்கட்டும் என்றேன். அவன் இரண்டாவது பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

அப்பா இன்று மெஷின் என்ன ஆயிற்று என்று கேட்டார். குங்குமத்தால் வந்த வினை, ஃபிரோஸ் வைத்துவிட்டான் என்றேன். "ஃபிரோஸா?" என்று கேட்டுவிட்டு என் விரலைப் பார்த்தார். பிறகு, "நல்ல பையன்" என்றார்.

அக்டோபர் 25, வெள்ளி

மழை தூறிக்கொண்டே இருந்தது. வேண்டுமென்றே தூறியது என்றுதான் நினைக்கிறேன். முதலாளியின் காரில் நாலு பேரும் போனோம். சபாபதி டேப்பைக் கொண்டுவந்திருந்தார், எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சென்டர் வாசலில் முதலாளி சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பியை எடுத்தார். "அம்மிணி, கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. வெளிய, மேல் மூடில, துளியூண்டு?"

"வையுங்கண்ணா. வெளியே மட்டும்."

"நீங்களே வெச்சுருங்களே."

"நானா? எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?"

ஃபிரோஸுக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை.

பால் கம்பெனி அதிகாரி குழந்தைவேலு ஜீப்பில் வந்து இறங்கினார். சிரிக்காத மனிதர். வரிசை நீளம், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதைவிட நீளம். ருக்குமணி பாலை வைத்தார். நான் ஸ்விட்ச் போட்டேன்.

சத்தமே இல்லை. முனகலும் இல்லை.

பெரிய கெபாசிட்டர், அதனால் நிதானமாக எழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இனிமேல் அந்த மேஜையில் உட்காரவே போவதில்லை என்று நினைத்தேன். குழந்தைவேலு உதட்டைப் பிதுக்கினார். "வேலை செய்யலீங்களே" என்று ஸ்விட்சை அணைக்கக் கையை நீட்டினார்.

ருக்குமணி அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டார். "செத்தப் பொறுங் சார். எந்திரிச்சிட்டிருக்குதுங். எந்திரிக்கறவங்களைப் போயி அமுக்குவாங்களா?"

அதிகாரியின் கையை ருக்குமணி பிடித்திருக்க, மோட்டார் முதலில் மூச்சு விட்ட மாதிரி அசைந்தது. பிறகு மெல்லச் சுற்றியது. பிறகு ஒரே சீராக ஓடிப் பாலை உறிஞ்சியது. ஃபேட் வந்தது. அடுத்த சொம்பு, அதற்கடுத்த சொம்பு. ஒருமுறைகூடத் திணறவில்லை. குழந்தைவேலு கையை விடுவித்துக்கொண்டு, "ஏங்க இத்தனை மெதுவா ஆரம்பிக்குது?" என்று கேட்டார்.

"பேட்டரிக்கு அதிர்ச்சி கொடுக்காம எழுப்பறோம் சார். அவசரப்படுத்தினா சீக்கிரம் செத்துப்போகும்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். தலைப்பாகைக்காரர் பால் வந்தபோது திரையில் தண்ணீர் பன்னிரண்டு சதவீதம் என்று காட்டியது. சென்டரே ஆர்ப்பரித்தது. அவர் மெஷினை முறைத்துப் பார்த்துவிட்டு, "இது மொனகிட்டுக் கெடந்தப்பவே தேவலைங்" என்றார். குழந்தைவேலு சிரித்துவிட்டார்.

வரிசை முடிந்ததும் நான் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று கொஞ்சம் அழுதேன். ருக்குமணி ஒரு டம்ளர் பாலோடு வந்து, கையில் கொடுத்துவிட்டுப் போனார். தண்ணீர் கலக்காத பால்.

நவம்பர் 7, வியாழன்

நாற்பது மெஷினுக்கு ஆர்டர் வந்துவிட்டது. டீ வந்தது, பன் இல்லை. எனக்கு உயிர் வந்தது. சபாபதி அட்டைப்பெட்டிகளைத் தானே சுமந்துகொண்டு போனார். "டிசைன் ரூம்ல ஃபேன் சத்தம் போடுதுன்னீங்களே மேடம், மாத்தச் சொல்லிட்டேன்" என்றார். மோசமான மனிதர் இல்லை. அட்டைப்பெட்டிக்கு இடம் இல்லாத கவலை அவருக்கு.

நாற்பதுக்கும் புது போர்டு வரைந்து முடித்தேன். இரண்டு பக்கமும் வார்னிஷ் கட்டாயம் என்று எழுதியிருக்கிறேன். ஃபிரோஸ் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அடிப்பக்கம் இந்த மூலைல ஒரு வட்டம் போட்டிருக்கீங்களேக்கா, இது எதுக்கு?"

"சும்மா. இடம் காலியா இருந்தது."

"ஒரு ஒயரும் இதுகிட்ட வரலை."

"வர வேண்டாம்னுதான்."

"விரல் நுனி அளவு இருக்கு."

"இருக்கட்டுமே."

"சாஃப்ட் ஸ்டார்ட் கால் அந்தக் கோடில இருக்கு, இது இந்தக் கோடில இருக்கு."

"ஃபிரோஸ், உனக்கு வேற வேலை இல்லையா?"

"இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு, வட்டத்தை இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி சேவ் செய்தான்.

நவம்பர் 28, வியாழன்

நாளை லாரி வருகிறது. நாற்பது மெஷினும் என் அறையில் வரிசையாக நிற்கின்றன. எல்லாரையும் டீக்கு அனுப்பிவிட்டேன். நான் அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுக்க ரொம்ப நேரமாகிவிட்டது. நாற்பது மெஷின், ஒவ்வொன்றிலும் நான்கு ஸ்க்ரூ. ஒன்றுகூடச் சரியாக உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என் கையைப் பார்த்தார். இன்று ஒன்றும் கேட்கவில்லை. சோப்பை எடுத்துக் கொடுத்தார்.

(கீழே பென்சிலில், வேறு கையெழுத்தில்)

நாற்பதுக்கும் வைத்தாயா, எண்ணிப் பார்த்தாயா? ஒன்றை மட்டும் விட்டிருந்தால் நாளைக்கு லாரி வருவதற்குள் போய் வைத்துவிடு, பாவம். சாஸ் கறை எலுமிச்சம்பழம் தேய்த்தால் போகும். — நாத்திகன்.